எம்.சி.ஐ என்று எழுதிக் கொடுத்தார்கள்: ஆயுள் குறையுமா?

குழித்துறை செவிலி:
நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பெரியவர், 78 வயது. திருவனந்தபுரத்தில் ‘மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’ (எம்.சி.ஐ, அதாவது நினைவும் சிந்தனையும் லேசாகக் குறைந்த நிலை) என்று எழுதியிருக்கிறார்கள். நினைவையும் சிந்தனையையும் கேள்வி கேட்டு அளக்கும் மோக்கா சோதனையில் 30-க்கு 21. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அதோடு பிரஷர் மாத்திரை, தூக்கத்துக்கு அல்பிரஸோலம் போடுகிறார். குளியல், சந்தை, கணக்கு எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். “அப்பா சீக்கிரம் போயிருவாரா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது? முதலில் எதைக் கவனிப்பது?

முதியோர் மருத்துவர்:
சிஸ்டர், ஆபத்து கூடுவது உண்மைதான், மறைக்க வேண்டாம். அதே வயதில் நினைவாற்றல் சரியாக உள்ளவர்களைவிட எம்.சி.ஐ உள்ளவர்களிடம் இறப்பு அதிகம் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மறதி நேராக உயிரை எடுப்பதில்லை. மூளையின் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுத்த சர்க்கரையும் பிரஷரும் இதயத்தையும் விட்டுவைத்திருக்காது. அதோடு மாத்திரையை இரண்டு தடவை போடுவது, கீழே விழுவது, காய்ச்சலைச் சொல்லாமல் விடுவது எல்லாம் சேரும். மறதி கிளினிக்குக்கு வருவோரில் ஆண்டுக்குச் சுமார் 10–15 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (அன்றாட வேலையையே கெடுக்கும் மறதி நோய்) வருகிறது. சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

இவர் விஷயத்தில் என் முதல் கவலை கிளிமிபிரைடு. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்த்து, பேச்சு குழறும். வீட்டார் மறதி முற்றிவிட்டதென்று படுக்க வைத்துவிடுவார்கள். தடுமாற்றம் எப்போது வந்தாலும் முதலில் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். இந்த வயதில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) 8-க்குக் கீழ் இருந்தால் போதும், 6.5-க்குத் துரத்த வேண்டாம். மருந்தை மாற்றச் சொல்லி அவருடைய டாக்டருக்கு எழுதுங்கள்.

மருந்தாளுநர், களியக்காவிளை:
அல்பிரஸோலம் நினைவையும் மங்கவைக்கும், விழவும் வைக்கும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவருக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதைப் பார்க்காமல் விடக் கூடாது, தைராய்டும் சேர்த்து. குளோர்பெனிரமைன் கலந்த சளி மாத்திரை, அமிட்ரிப்டிலின் இருந்தால் சொல்லுங்கள், அவையும் நினைவை மங்கவைக்கும். எல்லைப் பக்கத்தில் இன்னொரு தொல்லை: மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துச் சீட்டு, கேரளப் பக்கம் பாறசாலையில் ஒரு மருந்துச் சீட்டு. ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வீட்டில் இருக்கும். அட்டைகளை எல்லாம் மேசையில் கொட்டி பிராண்டு பெயரை விட்டு, மருந்தின் மூலப்பெயரைப் படியுங்கள்.

உளவியலாளர்:
21 என்றதும் முடிவு கட்டாதீர்கள். எந்த மொழியில் சோதித்தார்கள்? இந்தப் பக்கத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தவை. இவர் பள்ளியில் மலையாளம் படித்தவராக இருக்கலாம். வீட்டில் பேசுவது தமிழ், எழுத்து மலையாளம் என்றால் மதிப்பெண் குறையும். எத்தனை வகுப்பு படித்தார் என்பதும் முக்கியம். 12 வருடமோ அதற்குக் குறைவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்ட வேண்டும். காது கேட்காதவர் கேள்வியையே தவறவிடுவார். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழித்துறை செவிலி:
நன்றி. வீட்டிலேயே நான் அளந்து வைக்கக்கூடியது?

முதியோர் மருத்துவர்:
தரையில் 4 மீட்டர் குறித்து, வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம். பிரஷரைப் படுத்தபடி ஒரு தடவை, எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை. மேல் எண் 20 இறங்கினால் பிரஷர் மாத்திரை அளவைப் பற்றி எழுத வேண்டும். மாதம் ஒரு தடவை எடை. ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆனால் காத்திருக்காதீர்கள், உடனே அனுப்புங்கள்.