பிள்ளை பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்கள் பக்கத்துத் தோப்புகளில் காட்டுப்பன்றிக்காக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. அண்டை வீட்டில் அது அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்ந்து நின்றதைக் கண்டு பதறிப்போனேன். அவ்வீட்டுப் பையன் அதை எடுத்துச் சென்றால் யாரைக் கேட்பது?

மறுமொழி: உரிமம் பெற்றவரைத்தான், ஐயா. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில், துப்பாக்கி அவன் கைக்கு எட்டும்படி விட்டிருந்த தாய்க்கும் தந்தைக்கும் 2024இல் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

மறுமொழி: நான் ஆசிரியை. அன்று காலை அவன் வரைந்த துப்பாக்கிப் படத்தைக் கண்டு பெற்றோரை வரவழைத்த பள்ளி, பையைத் திறந்து பார்க்காமலேயே அவனை வகுப்புக்கு அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேட்டவர்: நன்றி, அம்மா. மாலையில் அந்த அண்ணனிடம் பூட்டுப் பெட்டி பற்றிப் பேசுகிறேன்.