மேகசினில் மிச்சம் எத்தனை? செமி ஆட்டோமேட்டிக்கோடு பழகிய அனுபவம்

காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர்:

எங்கள் தோட்டத்தில் அப்புச்சி காலத்து டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு போர் (போர் என்பது குழலின் உள் அகல அளவு). நான் பழகியது அதில்தான். கொறங்காட்டில் கிளுவை வேலியைத் தாண்டும்போதெல்லாம் அப்புச்சி துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டாவையும் உருவிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் படலைத் திறப்பார். மடக்கிப் பிடித்துவிட்டால் குழலுக்குள் வெளிச்சம் தெரியும். "கண்ணு, காலின்னு உனக்குத் தெரிஞ்சாப் பத்தாது, எதுக்க வர்ற ஆளுக்கும் தெரியோணும்" என்பார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருசம் முந்தி செப்டம்பரில் டெக்சாஸில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே முதல்முறையாகச் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன், அதாவது ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, என் கைக்கு வந்தது. நம் நாட்டு ஆயுத விதிகளில் அது தனிப்பிரிவு, டபுள் பேரல் மாதிரி சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அங்கேயும் விசாவில் வந்த ஆள் துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் வேட்டை லைசென்ஸ் போன்ற ஒன்று கையில் இருக்க வேண்டும். அதனால் அதைத்தான் முதலில் வாங்கினோம்.

தோட்டா போடும் முறையை மச்சான் ஒரு மண்தட்டுச் சுடும் இடத்தில் சொல்லிக்கொடுத்தார். குழலின் வாய் எப்போதும் களத்தின் பக்கம், சேஃப்டி போட்டபடி, விரல் விசைக்கு வெளியே. போல்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புக்கட்டை) பின்னால் இழுத்து நிறுத்தி, பக்கத்துத் திறப்பு வழியாக ஒரு தோட்டாவைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் போல்ட் படாரென்று மூடிக்கொள்ளும். அந்த வேகத்தில் விரல் நுனி மாட்டினால் நகம் போய்விடும். அப்புறம் துப்பாக்கியைக் கொஞ்சம் புரட்டி, அடிப்பக்கம் இருக்கும் தகட்டைத் தோட்டாவின் முனையாலேயே மேலே தள்ளி, குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாய்க்குள் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பித்தளை அடிப்பாகம் நம் பக்கம், மடிப்பு முனை முன்பக்கம். உள்ளே இருக்கும் தடுப்பு 'டக்' என்று பிடிக்கும்வரை தள்ள வேண்டும். முதல் நாள் அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் தோட்டாவைப் பின்னால் துப்பி, அது தகட்டுக்கு மேலே குறுக்காக மாட்டிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் கட்டைவிரல் ஓரம் தோல் உரிந்துவிட்டது. பத்துப் பதினைந்து தடவை மருந்தில்லாத டம்மி தோட்டாவை வைத்துப் பழகியபின்தான் அந்த 'டக்' காதுக்கும் விரலுக்கும் பிடிபட்டது.

பக்கத்து மேடையில் போட்டிக்காரர் ஒருவர் நான்கு தோட்டாவை ஒரே பிடியில் எடுத்து, இரண்டிரண்டாக அடுத்தடுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கண் இமைக்கும் நேரத்தில் நான்கும் போய்விட்டன. நம் போன்றவர்களுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

சரி, கொள்ளளவுக்கு வருகிறேன். அந்தத் துப்பாக்கிக் குழாயில் 70 மில்லிமீட்டர் தோட்டா நான்கு பிடிக்கும், குழலின் பின்முனையில் சுடப்போகும் தோட்டா உட்காரும் சேம்பரில் ஒன்று. ஜான் பிரவுனிங் வடிவமைத்த பழைய 'ஆட்டோ 5' என்ற பெயரே இந்தக் கணக்குதான், நான்கும் ஒன்றும் ஐந்து. 76 மில்லிமீட்டர் தோட்டா என்றால் அதே குழாயில் மூன்றுதான் போகும். ஆனால் புறா வேட்டைக்குப் போனபோது ஐந்தும் போட முடியவில்லை. இடம்பெயரும் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போகக்கூடாது என்று 1935 முதல் அமெரிக்காவில் மத்திய அரசின் விதி இருக்கிறது. குழாய்க்குள் ஒரு குச்சியைச் செருகி இடத்தை அடைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியைக் கழற்றாமல் அந்தக் குச்சியை உருவ முடியாது. மச்சான் என்னையே கழற்றிப் போடச் சொன்னார். அப்புறம் மூன்றாவது தோட்டாவைக் குழாய்க்குள் திணித்துப் பார்த்து, அது போகவில்லை என்று உறுதிசெய்தபின்தான் வண்டியை எடுத்தார்.

எடை விசயமும் உண்டு. ஒரு தோட்டா சுமார் 40 கிராம். நான்கு முன்னால் இருக்கும்போது குழல் தலைகனமாக இருக்கும். சுடச் சுட லேசாகிக்கொண்டே வரும். டபுள் பேரலில் எடை கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மாற்றம் தெரியாது. எனக்கு அது பழக ஒரு வாரம் ஆனது.

இனி, நான் எழுத வந்த விசயம். அன்று சாயங்காலம் புறா வரத்து நின்றுவிட்டது. துப்பாக்கியில் மூன்று தோட்டா அப்படியே இருந்தன. நடந்து வரும் வழியில் முள்கம்பி வேலி. அப்புச்சி நினைவு வந்தது, காலி செய்யலாம் என்று போல்டை இழுத்தேன். ஒரு தோட்டா வெளியே குதித்தது. இன்னும் இரண்டு தடவை இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. "காலிங்க மச்சான்" என்று நீட்டினேன். அவர் வாங்கி, அடித்தகட்டை விரலால் தள்ளி உள்ளே பார்த்தார். குழாய் வாயில் பித்தளை மின்னியது. "எத்தனை போட்டீங்க?" என்றார். மூன்று. "எத்தனை வந்துச்சு?" ஒன்று. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கைகால் சில்லிட்டுவிட்டது.

அந்த வகைத் துப்பாக்கியில் போல்டை எத்தனை தடவை இழுத்தாலும் குழாயில் இருப்பது இறங்காது. அதற்கென்று பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதை அமுக்கினால் ஒன்று தகட்டுக்கு வரும். விசையை இழுத்தாலும் வரும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. காலி என்று நம்பி 'டிக்' என்று ஒரு தடவை விசையை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போல்டை இழுத்து விட்டால் சேம்பரில் தோட்டா ஏறி நிற்கும். வேறு சில துப்பாக்கிகளில் போல்டை இழுத்தாலே அடுத்தது இறங்கிவிடும். பிற்காலத்து ஆட்டோ 5-களில் போல்ட் திறந்திருக்கும்போது முதல் தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளினால் அது தானாகவே சேம்பருக்குப் போய்விடும். கை செய்வது ஒரே வேலை, துப்பாக்கிக்குத் துப்பாக்கி நடப்பது வேறு.

டபுள் பேரலில் இரண்டு தோட்டாவும் கண்ணுக்கு எதிரே இருக்கும். குழாய் மேகசினில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் போட்டது எத்தனை, சுட்டது எத்தனை, கைக்குத் திரும்பியது எத்தனை என்று எண்ண வேண்டும், கணக்கு நேராக வேண்டும். அன்றிலிருந்து போடும்போது வாய்விட்டே எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாக வந்தபிறகும் சேம்பருக்குள் ஒரு விரல், குழாய் வாயில் ஒரு விரல் விட்டுத் தடவிப் பார்க்கிறேன். இதே மாதிரி அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

கோபிக்காரர்:

எழுதியதற்கு நன்றிங்க. என்னிடம் இருப்பது முன்பக்கப் பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன், அதற்கும் அதே குழாய்தான். தேர்தல் வந்தால் ஸ்டேசனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, ஒருமுறை நான் போனபோது எனக்கு முன்னால் நின்றவர் பையிலிருந்து எடுத்து அப்படியே மேசைமேல் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "திறந்து காட்டுங்க" என்றார். அவர் முன்பக்கப் பிடியை இழுத்தார், ஒரு தோட்டா மேசையில் உருண்டது. போன தேர்தலுக்குப் பிறகு யாரோ போட்டு வைத்ததாம். அன்றைக்கு அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். நான் இப்போதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருதரம், ஸ்டேசன் வாசலில் ஒருதரம் பார்த்துவிட்டு, திறந்தபடியே கொண்டுபோகிறேன்.

பொள்ளாச்சிக்காரர்:

எண்ணிக்கை மட்டும் போதாது அண்ணா, என்ன தோட்டா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பெரியப்பா வீட்டில் பன்னிரண்டு போரும் இருபது போரும் இருந்தன. இருபது போர் தோட்டா மெலிசு. பன்னிரண்டு போர் குழலில் போட்டால் சேம்பரைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய் நின்றுவிடும். பின்னால் இருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். அதன்மேல் பன்னிரண்டு போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இந்த ஆபத்துக்காகத்தான் இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பெரியப்பா இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தார். நான் பிரித்து வேறு வேறு பீரோவில் வைத்தேன்.

இன்னொன்று. தோட்டாமேல் 70, 76 என்று எழுதியிருப்பது சுட்டபின் மடிப்பு விரிந்த நீளம். சுடாத 76 தோட்டா அதைவிடச் சின்னதாக இருப்பதால் 70 சேம்பரில் சுலபமாக நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். பழைய டபுள் பேரல் வைத்திருப்பவர்கள் குழலில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டா வாங்க வேண்டும். பழைய காகிதத் தோட்டா மிச்சம் இருந்தால் அதையும் நம்பாதீர்கள், ஐப்பசி ஈரத்தில் ஊதிப்போய் சேம்பரில் சிக்கிக்கொள்ளும்.

கோவையிலிருந்து ஒரு டிராப் வீராங்கனை:

ஏனுங்கண்ணா, கொள்ளளவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். சர்வதேச டிராப் போட்டி (பறக்கவிடும் மண்தட்டைச் சுடுவது) விதிப்படி செமி ஆட்டோமேட்டிக்கும் பயன்படுத்தலாம், பம்ப் ஆக்‌ஷன்தான் கூடாது. ஆனால் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைத்திருக்க வேண்டும். சேம்பரில் ஒன்று, மேகசினில் ஒன்று, அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு சுடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பிருத்விராஜ் தொண்டைமான் ஆடியதும் இந்தப் போட்டிதான். இருந்தும் பெரும்பாலோர் மேல்கீழ் டபுள் பேரலையே வைத்திருக்கிறார்கள். அண்ணா சொன்ன காரணம் அதில் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். மேடை மாறும்போது மடக்கித்தான் நடக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

தோட்டாவில் ரவை எடை 24 கிராம்தான். கனமான தோட்டாவுக்கென்று செய்த சில செமி ஆட்டோமேட்டிக்குகளை இந்த லேசான தோட்டா முழுதாக இயக்காது. காலி உறை வெளியே விழாமல் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் பதறிப்போய் துப்பாக்கியைத் திருப்பாதீர்கள். வாய் களத்தின் பக்கமே இருக்கட்டும், கையை மேலே தூக்குங்கள், நடுவர் வருவார். எனக்கு ஒரு சந்தேகம், அந்த நெம்பை வைத்துக் காலி செய்வதை எப்படிப் பழகினீர்கள்?

காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர்:

கோபிக்காரரே, மேசைமேல் உருண்ட அந்தத் தோட்டாவைப் படித்ததும் எனக்கு முள்கம்பி வேலி ஞாபகம்தான் வந்தது. பொள்ளாச்சிக்காரர் சொன்னபின் நேற்றே அப்புச்சி துப்பாக்கியின் குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தேன், 70 என்றுதான் பொறித்திருக்கிறது.

அம்மிணி, நெம்பு பழக்கம் டம்மி தோட்டாவில்தான். மூன்று டம்மியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலி செய்து, மேசையில் மூன்றும் வந்தனவா என்று தடவிப் பார்ப்போம். மச்சான் சில சமயம் எனக்குத் தெரியாமல் இரண்டோ நான்கோ போட்டுத் தருவார். எத்தனை என்று நான் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறக்க வேண்டும். முதல் நாள் ஆறு தடவையில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். கோபிக்காரரின் பம்ப் ஆக்‌ஷனிலும் இதையே பழகலாம். வர்ற ஞாயிறு காலையில் கிளப்புக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள், டம்மி ஆறு இருக்கிறது, எடுத்து வருகிறேன்.