சித்தப்பாவைத் தேடுகிறோம், மன்னார் உறவுகளே உதவுங்கள்

வணக்கம். அப்பாவின் ஊர் இலங்கை மன்னாரில் உள்ள பேசாலை. 1990இல் சண்டை மூண்டதும் அப்பா படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் அகதி முகாமில் பதிந்தார். அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் அப்பம்மாவும் மடு மாதா கோயிலில் அடைக்கலமாக இருந்தார்கள். அடுத்த படகில் வருவதாகத்தான் பேச்சு. வரவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் சித்தப்பாவைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தெரியும்.

சித்தப்பாவுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. இடது புருவத்தில் பனங்கருக்கு கிழித்த தழும்பு இருக்கும். விளையாட்டில் மட்டையை இழுத்தது அப்பாதான். அதைச் சொல்லும்போதெல்லாம் தன் புருவத்தைத் தடவிக்கொள்வார், குரல் உடைந்துவிடும்.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் மீன்வாடிகளில் விசாரியுங்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களும் கேட்டுப் பாருங்கள். சின்னத் தகவல் என்றாலும் சரி, உள்பெட்டியில் எழுதுங்கள். அப்பா தினமும் கேட்கிறார்.