பக்-ஆன் போட்டா மெஷின் நிக்குமா? கல்வெட்டு அண்ணனுக்கு ஒரு கேள்வி

பூட்டுச்சாவி:
பக்-ஆன் (BUG_ON)னா, கர்னல்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையக் கோட்ல, நடக்கவே கூடாதது நடந்தா அடிக்கிற சோதனை. அதைப் பத்தி கல்வெட்டு நேத்து எழுதினது இது: "கர்னல்ல சந்தேகம்னா யோசிக்காம பக்-ஆன் போடு. மெஷின் அங்கேயே நிக்கும், டேட்டா தப்பிக்கும்." படிச்சு தலையில அடிச்சுக்கிட்டேன். லினக்ஸ்ல பக்-ஆன் மெஷினை நிறுத்தாது. ஊப்ஸ் (கர்னலோட கோளாறு அறிக்கை) வரும், அப்போ ஓடிக்கிட்டிருந்த பிராசஸ் சாகும். அது பிடிச்சிருந்த மியூடெக்ஸை (ஒரு நேரத்துல ஒருத்தருக்கே கிடைக்கிற லாக்) யார் விடுவிப்பாங்க? யாருமில்ல. அடுத்து அந்த லாக்குக்கு வர்றவன் எல்லாம் வரிசையா தொங்குவான். ஃபைல்சிஸ்டம் லாக்கா இருந்தா பிழைச்செய்தியே டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. என்ன தப்பிச்சது?

கல்வெட்டு:
தம்பி, பேனிக்-ஆன்-ஊப்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கே, ஊப்ஸ் வந்தா பேனிக் ஆகி மொத்த மெஷினும் நிக்கும், கேள்விப்பட்டதில்லையா? 1 வை, நிக்கும். கெட்டுப்போன பாயின்டரோட ஓடி டிஸ்க்ல குப்பை எழுதுறதுக்கு நிக்கிறது எவ்வளவோ மேல்.

பூட்டுச்சாவி:
அப்போ நிறுத்துறது பேனிக்-ஆன்-ஊப்ஸ். பக்-ஆன் இல்ல. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க, நன்றி.

கல்வெட்டு:
இன்டரப்ட்டுக்குள்ள (ஹார்டுவேர் கூப்பிட்டதும் கர்னல் ஓடுற இடம்) பக்-ஆன் அடிச்சா? எந்த செட்டிங்கும் வேண்டாம், நேரா பேனிக். "ஃபேட்டல் எக்செப்ஷன் இன் இன்டரப்ட்"னு வரும். ஆக நிக்கும்.

சுடர்_நிரலி:
ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு. ஃப்ரீபிஎஸ்டிங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துல கே-அசர்ட்ங்கிற சோதனை, இன்வேரியன்ட்ஸ்ங்கிற ஆப்ஷன் போட்டு கம்பைல் பண்ணினாத்தான் வேலை செய்யும். டெவலப்மென்ட் கர்னல்ல தோத்தா பேனிக். ரிலீஸ்ல அந்தச் சோதனையே இருக்காது. சண்டை இல்ல, சச்சரவு இல்ல.

கல்வெட்டு:
ரிலீஸ்லதானே உண்மையான லோடு வருது? அங்க சோதனையைக் கழட்டிட்டு அழகுன்னு சொல்றீங்க. பாவம்.

சுடர்_நிரலி:
இல்லுமோஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துல அதுக்குத்தான் வெரிஃபைங்கிற சோதனை இருக்கு, எந்த பில்ட்லயும் ஓடும். ஆனா நீங்க லினக்ஸைத் தாண்டி எதையும் படிச்சதா தெரியலையே.

பூட்டுச்சாவி:
சுடர், திசை திருப்பாதீங்க. லினக்ஸ் கர்னலோட கோடிங் ஸ்டைல் ஆவணமே சொல்லுது: புது கோட்ல பக் வகையறா எதுவும் வேண்டாம், வார்ன்-ஆன்-ஒன்ஸ் (ஒரு தடவை எச்சரிச்சுட்டு ஓட விடுறது) போட்டு, முடிஞ்ச வரைக்கும் சமாளிச்சு மேல போ. அனுப்புற திருத்தத்துல, அதாவது பேட்ச்ல, பக்-ஆன் வெச்சா அதைச் சோதிக்கிற செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே கத்தும். மெஷினைக் கொல்ற முடிவு அதை வெச்சிருக்கிறவரோடது. டிரைவர் எழுதினவருக்கு அந்த உரிமை கிடையாது. இதுல இன்னொரு கொடுமை: வார்ன் அடிச்சா கர்னல் டெயின்ட் ஆகும் (கறைபட்டதுன்னு குறி விழும்), அதுக்கப்புறம் வர்ற ஊப்ஸ்ல "டெயின்டட்" வரியில ஒரு டபிள்யூ நிக்கும். அதாவது உண்மையான காரணம் மேல எங்கேயோ ஏற்கெனவே அச்சாகிடுச்சு. நம்மாளுங்க கடைசி ஊப்ஸை மட்டும் போட்டோ எடுத்து, அதுவும் பாதி கால் டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டதுங்கிற பட்டியல்) வெட்டுப்பட்டு, "உதவி தேவை, அவசரம்"னு அனுப்புவாங்க. முதல் செய்தியைக் கேட்டா, "அது வெறும் வார்னிங் சார்"!

வழிப்போக்கன்:
அதான் லினக்ஸ் 6.12ல பேனிக் திரைக்கு கியூஆர் கோடு வந்துருச்சே. ஸ்கேன் பண்ணினா கர்னலோட செய்திப் பதிவு வந்துடும்.

பூட்டுச்சாவி:
பேனிக் ஆனாத்தான் அந்தத் திரை. பக்-ஆன் அடிச்சு பேனிக் ஆகாம தொங்குறதைப் பத்திதான் இங்க பேச்சு. மேல இருந்து படிச்சுட்டு வாங்க.

கல்வெட்டு:
உங்க சாதுவான வார்ன்-ஆனுக்கு இப்போ சிவிஇ எண்ணே (பாதுகாப்பு ஓட்டைக்குக் கொடுக்கிற எண்) கொடுக்கிறாங்க, தெரியுமா? பேனிக்-ஆன்-வார்ன் (வார்ன் வந்தாலே பேனிக்) வெச்சிருக்கிற மெஷின்ல, சாதாரண யூசர் ஒரு சிஸ்டம் கால் (கர்னல்கிட்ட வேலை கேக்குறது) மூலமா வார்னைத் தூண்ட முடிஞ்சா மெஷினே போச்சு. கர்னல்ல தானா பிழை தேடுற சிஸ்பாட் ஓடுறதே அந்த செட்டிங்லதான். நான் நேரா கழுத்தை வெட்டுறேன், நீங்க சுத்தி வளைச்சு வெட்டுறீங்க.

பூட்டுச்சாவி:
யூசரால சுலபமா தூண்ட முடியற இடத்துல வார்னே போடக்கூடாது. அதுவும் அதே ஆவணத்துல இருக்கு. அங்க ஈ-இன்வேல்னு (தப்பான உள்ளீடுங்கிற பிழை எண்) திருப்பினா போதும். என் பேட்ச்ல கமா இடம் மாறிடுச்சுன்னு மூணு பத்தி எழுதின அண்ணனுக்கு இதைப் படிக்க மட்டும் நேரமில்ல போல.

கல்வெட்டு:
கமா இல்ல, செமிகோலன். இஃப் வரிக்குப் பின்னாடி. கம்பைலர் வாயைத் திறக்கல, நான்தான் பிடிச்சேன். அந்தக் கடுப்புதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

பூட்டுச்சாவி:
பேச்சை மாத்தாதீங்க. ஒரு விர்ச்சுவல் மெஷின்ல கர்னலை வேணும்னே கிராஷ் பண்ணிப் பார்க்கிற எல்கேடிடிஎம் மாட்யூலை ஏத்துங்க. டீபக்-எஃப்எஸ்ல (கர்னலோட டீபக் ஃபைல்கள் இருக்கிற இடம்) ப்ரொவோக்-கிராஷ் அடைவுக்குள்ள டைரக்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், கேட் கமாண்ட் மூலமா அதுல பக்னு எழுதுங்க. கேட் சாகும், பிராம்ப்ட் திரும்பி வரும், மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் வந்து பேசுங்க.

கல்வெட்டு:
பண்ணிட்டேன். நின்னுடுச்சு.

பூட்டுச்சாவி:
உங்க டிஸ்ட்ரோ (நீங்க போட்டிருக்கிற லினக்ஸ் தொகுப்பு) பேனிக்-ஆன்-ஊப்ஸை 1ன்னு வெச்சே கொடுத்திருக்கும். கர்னல் செட்டிங்கைக் காட்டுற சிஸ்-சிடிஎல் கமாண்ட்ல பார்த்து என்ன வருதுன்னு இங்க ஒட்டுங்க.

கல்வெட்டு:
எதுக்கு ஒட்டணும்? நின்னுச்சா இல்லையா?

சுடர்_நிரலி:
செமிகோலன் யாரோடது, அதைச் சொல்லுங்க முதல்ல.

பூட்டுச்சாவி:
சிஸ்-சிடிஎல், அண்ணே. ஒரே ஒரு வரி. காத்திருக்கேன். அப்புறம் இந்த "தம்பி"யையும் கொஞ்சம் நிறுத்திக்கோங்க, உங்களுக்கு முன்னாடியே கர்னல் கம்பைல் பண்ணினவன் நான்.