தப்பு மேளமும் ராவான் மேளமும் ஒரே நிகழ்ச்சியில்: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

காத்ர்போர்ன் மாணவி:
வணக்கம். மொரீசியஸில் இரண்டாம் ஆண்டு பட்டப்படிப்பு. எங்கள் வளாகத் தமிழ் மன்றத்தின் கலைப் பொறுப்பு இந்த முறை என் கைக்கு வந்திருக்கிறது. பண்பாட்டு வாரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு நிமிடம் தருவார்கள். பரதநாட்டியம், சிங்க நடனம், கவ்வாலி, போஜ்புரிக் கல்யாணப் பாட்டு, கடைசியில் இந்தத் தீவின் கிரியோல் மக்களுடைய பாட்டும் ஆட்டமுமான சேகா. தன் முறை முடிந்ததும் அந்தந்தக் குழு மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடும். சிங்கத்தின் தலைக்குள் நின்று ஆடியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதைப் பல பண்பாடுகள் சேர்ந்த விழா என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

தீமிதிக்கு அடிக்கும் தப்பையும் சேகாவுக்கு அடிக்கும் ராவான் என்ற வட்டத் தோல் மேளத்தையும் சேர்த்து ஒரே நிகழ்ச்சியாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன். சேகா குழுவில் இருக்கும் என் தோழிக்கும் சம்மதம். தாளம் ஒத்துவருமா? கோயில் வாத்தியத்தை வளாகத்துக்குக் கொண்டுவந்தால் பெரியவர்கள் மனம் நோகுமா?

ரோஸ்ஹில் தப்புக்காரர்:
மகளே, நோகுமா என்பதை நேரில் வந்து கேள். காப்புக் கட்டிய பிறகு எங்கள் கோயில் தப்பு வெளியே போகாது, அது முடிந்த முடிவு. மற்ற நாட்களில் வேறு தப்பு இருக்கிறது, தருவோம்.

தாளத்துக்குக் கவலை வேண்டாம். ராவான் மும்மூன்றாக உருண்டு வரும். நாங்களும் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். தப்பின் தடித்த அடிக்குச்சி ராவானின் கனத்த அடியோடு விழட்டும். மெல்லிய சிண்டுக்குச்சி இடைவெளிகளை நிரப்பட்டும்.

இன்னொன்று சொல்கிறேன். ஆட்டுத்தோல் ராவானையும் தப்பையும் வாசிக்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். தீயருகே சாய்த்துப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் எடு. கொஞ்சம் அதிகமானால் தோல் வெடித்துவிடும். அரங்கத்துக்குள் இதற்கு விடமாட்டார்கள், ஆகவே புல்வெளியில் வையுங்கள். பிளாஸ்டிக் தோல் ராவானுக்குத் தீ தேவையில்லை. இருந்தாலும் தோல் ராவானையே கேட்டு வாங்கு. இரண்டு குழுவும் ஒரே தீயில் வாத்தியம் காய்ச்சட்டும், கூட்டமும் அதைப் பார்க்கட்டும்.

மோக்கா நடன ஆசிரியை:
ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலை. பாரம்பரிய சேகாவில் பாதம் தரையை விட்டு எழாது, தேய்த்து நகரும். நம் பரதநாட்டிய அடவுகளோ பாதத்தைத் தூக்கித் தட்டுவதில் தொடங்குகின்றன. இரண்டையும் குழைத்துப் புதிதாக ஒன்று செய்கிறேன் என்று இறங்கினால் இரண்டும் கெட்டுவிடும். ஒரே தாளத்தில் அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடட்டும். நம் பெண்கள் சேகாப் பாவாடை கட்ட வேண்டாம், அவர்களும் சலங்கை கட்ட வேண்டாம்.

சேகா அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு. இந்தத் தீவில் அடிமை முறை 1835இல்தான் ஒழிந்தது. 2014இல் யுனெஸ்கோ அந்தப் பாரம்பரிய சேகாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதமும் மிருதங்கமும் முறையாகப் படிக்க வழி இருக்கிறது. தப்பையோ என் மாணவிகளில் பலர் கையால் தொட்டதுகூட இல்லை. மதிப்புக் கிடைக்காமல் கிடந்த இரண்டு வாத்தியங்களை நீங்கள் சேர்க்கிறீர்கள். அதை அறிவிப்பாளரிடம் விடாமல், வாசிப்பவர்களே கிரியோலிலும் தமிழிலும் சொல்லட்டும்.

முன்னாள் மன்றச் செயலாளர்:
நடைமுறை விஷயம். இரண்டு குழுவின் நேரத்தையும் சேர்த்து, பன்னிரண்டு நிமிடம், ஒரே நிகழ்ச்சி என்று விண்ணப்பியுங்கள். ஒத்திகைக்கு இடமும், வெளியிலிருந்து வரும் கலைஞர்களுக்குச் சன்மானமும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். பிறகு கேட்டால் பணம் தீர்ந்துவிட்டது என்பார்கள். தீ மூட்டப் பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மணல் வாளி வையுங்கள். மாலையில் பலருக்குக் கடைசி பஸ் போய்விடும். ஒத்திகை சனிக்கிழமை காலையில் இருக்கட்டும்.

காத்ர்போர்ன் மாணவி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா, வரும் ஞாயிறு அப்பாவுடன் கோயிலுக்கு வருகிறேன், தோழியும் வருவாள். டீச்சர், அடவை எந்தக் காலத்தில் வைப்பது?

மோக்கா நடன ஆசிரியை:
மெதுவான முதல் காலம் போதும். ஆனால் அதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதல் ஒத்திகையில் சேகா பாடுபவர் தன் போக்கில் பாடட்டும், ராவான் எந்த வேகத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன், ஆட்டத்துக்குத் தாளம் தட்டும் தட்டுக்கழி என்னிடம் இருக்கிறது.