ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாமா?

கொக்குவிலாள்:
என் பெரியம்மாவின் பேரன் ரொறன்ரோவில் ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறையில் இருக்கிறான். இரண்டு குழுக்களின் பகை. ஒரு பெடியனுக்குத் தொடையில் சூடு பட்டது, உயிர் தப்பிவிட்டான். அரச தரப்பு இரண்டு குற்றச்சாட்டுகளைக் கைவிட, மூன்றாவதை இவன் ஏற்றுக்கொண்டான். ஐந்து வருடம். ஒன்பது வயதில் போனவன், ஆனால் குடியுரிமை எடுக்கவில்லை, நிரந்தர வதிவிடம் மட்டும்தான். தண்டனை முடிய இலங்கைக்கு அனுப்புவார்கள் என்று அவனுடைய சட்டத்தரணி சொல்லவே இல்லையாம். ஒப்புதலை ரத்துச் செய்யக் கேட்டு இப்போது மேன்முறையீடு. வீட்டுக்குள்ளேயே பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் எண்ணம் என்ன?

சுன்னாகத்தான்:
அக்கா, கோபிக்க வேண்டாம். சுட்டானா, இல்லையா? சுட்டேன் என்று நீதிபதிக்கு முன்னால் சொன்னவன், விளைவு தெரிந்ததும் சொல்லை மாற்றுவதா? எங்கள் ஒழுங்கைக்குள் வாள்வெட்டுக் குழு வந்துபோன வீட்டுக் கதவில் மூன்று வெட்டு இருக்கிறது. மக்கு வைத்து வர்ணம் அடித்தும் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அந்த வீட்டு அம்மா இன்றும் விளக்கை அணைப்பார். தொடையில் சூடு வாங்கிய பெடியனுக்கும் ஒரு அம்மா இருப்பார்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வேலை செய்பவள். தம்பி சொல்வது நியாயம், ஆனால் கேள்வி அதுவல்ல. ஒப்புதல் ரத்தானால் அவன் விடுதலை ஆவதில்லை, வழக்கு மறுபடி தொடங்கும். கைவிட்ட இரண்டு குற்றச்சாட்டுகளும் திரும்பி வரலாம். கனடாவின் குற்றவியல் கோவை 606ஆம் பிரிவின்படி ஒப்புதல் தானாக விரும்பிச் செய்ததாகவும் விளைவு புரிந்து செய்ததாகவும் இருக்க வேண்டும். எங்கள் நாட்டின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் மேல் நீதிமன்ற நீதிபதியிடம் அதையேதான் கேட்கிறது: இவனுக்குத் தன் ஒப்புதலின் விளைவு விளங்கியதா?

சுன்னாகத்தான்:
சிறைக்குப் போவோம் என்பது விளங்காமலா ஒப்புக்கொண்டான்? நாடுகடத்தல் தண்டனை இல்லையே, குடிவரவு விசயம்.

பனங்கூடல்:
அதைத்தான் 2018இல் வோங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் பார்த்தது. நிரந்தர வதிவிடக்காரர், கொக்கெயின் விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது மாதம் வாங்கியவர். நாடுகடத்தலும் சட்ட விளைவுதான், அது தெரியாமல் ஒப்புக்கொண்டது அறியாமல் செய்த ஒப்புதல்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. அப்படியும் நான்குக்கு மூன்று என்று அவர் தோற்றார். காரணம், தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவருடைய சத்தியக்கடதாசியில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்காபரோ அண்ணை:
வல்வெட்டித்துறையின் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்ட குழுவும் அதன் எதிரிக் குழுவும் இங்கே அடிபட்ட 90களைக் கண்ணால் பார்த்தவன் நான். சாப்பாட்டுக் கடைக்குப் போகவே பயந்தோம். அதனால் எனக்கு இரக்கம் குறைவு. ஒரு கேள்வி: தண்டனையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாதா? முன்பு ஒருவருக்கு ஒரு நாள் குறைத்தார்களே?

பனங்கூடல்:
அது 2013இல், ஃபாம் வழக்கு. அப்போது இரண்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் நாடுகடத்தலை எதிர்த்து முறையிடலாம், அதனால் அந்த ஒரு நாள் அவருக்குக் கைகொடுத்தது. அதே வருடம் எல்லை ஆறு மாதமாக இறங்கிவிட்டது. ஆளைச் சுட்ட வழக்கை எந்த நீதிபதி ஆறு மாதத்துக்குக் கீழே கொண்டுவருவார்? கொண்டுவரவும் கூடாது. ஆகவே மேன்முறையீட்டில் இவனுக்கு ஒப்புதலை எதிர்ப்பது ஒன்றுதான் வழி.

சுன்னாகத்தான்:
சரி, சட்டம் விளங்குகிறது. ஆனால் மறு விசாரணை என்றால் அந்தப் பெடியன் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டதில் இருந்த ஒரே நன்மை அவனுக்கு அந்த வேலை இல்லாமல் போனதுதான். அதையும் பறிக்கிறீர்கள்.

கொக்குவிலாள்:
தம்பி, இதை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான். பெரியம்மா அவன் வருவானோ என்று பின் அறையைக் கூட்டிப் பாய் விரித்து வைத்திருக்கிறார். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவும் தெரியாது, இங்கே அவரைத் தவிர ஒருவரையும் தெரியாது. ஞாயிறு அவன் தாய் சிறைக்குப் பார்க்கப் போகிறாள். தெரிந்திருந்தால் விசாரணைக்குப் போயிருப்பாயா என்று மட்டும் கேள், பதிலை நீ சொல்லிக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். போயிருக்கமாட்டேன் என்று அவன் சொன்னால் மேன்முறையீட்டுக்குச் சேர்த்த காசில் என் பங்கைத் திருப்பிக் கேட்பேன்.