மே மாசம், ரெண்டு வயசுப் பிள்ளை: இலங்கைக் கடலா, லங்காவியா?

ரஸ்தா:
காரைக்குடியிலிருந்து கிளம்பணும். பிள்ளைக்கு ஒரு வயசு பதினோரு மாசம். மே நடுவுல 6 நாள். கடல்ல கால் நனைச்சா போதும், ஊர் சுற்ற வேண்டாம். திருச்சி–கொழும்பு ஒரு மணி நேரந்தானேன்னு இலங்கைத் தென்மேற்குக் கரையில பெந்தோட்டையில ரூம் பார்த்திருக்கு. வீட்ல ஒரு கட்சி மலேசியாவுல லங்காவித் தீவுங்குது. எது சரி?

பட்டாலை:
முதல்ல பெந்தோட்டையைக் கைவிடுங்க. மே பாதியில தென்மேற்குப் பருவக்காத்து அந்தக் கரையில நேரா வந்து மோதும். நீர்கொழும்புல இருந்து மிரிஸ்ஸ வரைக்கும் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்புதான். ரூம் சல்லிசாக் கிடைக்கிறதே அதனாலதான். லங்காவி போங்க. அங்க பந்தாய் செனாங் கடற்கரை விமான நிலையத்திலிருந்து அரை மணிகூட ஆகாது.

வளவு:
பெந்தோட்டை வேண்டாங்கிறது சரி, அதுக்காக இலங்கையே வேண்டாமா? அதே காத்து நடுமலையில தடுபட்டுக் கிழக்குக் கரைக்கு வறண்டுதான் வருது. நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா மூணும் மே முதல் செப்டம்பர் வரை குளம் மாதிரி கிடக்கும். பாசிக்குடாவுல ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது. லங்காவியும் அந்தமான் கடல் பக்கந்தான், மே மாசத்துல மதியத்துக்கு மேல மழை சகஜம். முக்கியமா மலேசிய நேரம் நம்மைவிட ரெண்டரை மணி முந்தி. இங்க 7 மணிக்கு எழுந்திரிக்கிற பிள்ளை அங்க ஒன்பதரைக்கு எழுந்திரிக்கும். குளிச்சுச் சாப்பிட்டுக் கரைக்குப் போனா வெயில் ஏறிடும்.

பட்டாலை:
வளவு தம்பி, கடிகாரத்தைப் பார்த்தீங்க, சூரியனைப் பார்க்கலை. லங்காவியில உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒண்ணேகாலுக்கு. பொழுது சாயவே ஏழரை ஆகும். சாயங்காலம் அஞ்சரைக்கு இறங்கினா ரெண்டு மணி நேரம் முழுசாக் கிடைக்கும். நிலாவெளி இருக்கிற திருகோணமலைப் பக்கம் ஆறு இருபதுக்கெல்லாம் பொழுது போயிடும். அப்புறம், கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து நிலாவெளிக்கு ரோட்ல 6 மணி நேரம். அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே?

வளவு:
கூட்டிப் பார்ப்போம். திருச்சிக்கு ரோடு 2, காத்திருப்பு 3, விமானம் 1, வெளிய வர 1, ரோடு 6: மொத்தம் 13 மணி. லங்காவிக்கு 2, 3, கோலாலம்பூர் வரை 4, அங்க குடிநுழைவும் மாற்று விமானமும் 4, அடுத்த விமானம் 1, ஹோட்டலுக்கு அரை: பதினாலரை. போக, இலங்கைப் பயணத்தைத் தம்புள்ளையில ஒரு ராத்திரி தங்கி ரெண்டாப் பிரிக்கலாம். காலையில இடியாப்பம், சொதி. உறைப்பில்லாமக் கேட்டா தருவாங்க.

பட்டாலை:
ஒன்றரை மணி லாபம் சரி. விமான நிலையத்துல பிள்ளை ஓடியாடும், கார்ல 6 மணி நேரம் கட்டிப்போட்டு வைக்கணுமே. வாடகை வண்டியில குழந்தை சீட் தானா வராது, முன்கூட்டியே கேட்டு வைக்கணும், இல்லேன்னா இங்கிருந்தே கொண்டு போகணும். மடியில வச்சுக்கிறதெல்லாம் சடன் பிரேக்குல நிக்காது.

கண்டனூர் ஆச்சி:
டிக்கெட்டைப் பார்த்தீங்களா ரஸ்தா? மடியில வச்சுக்கிற கட்டணம் ரெண்டு வயசு முடியுற வரைக்குந்தான். பயணத்துக்கு நடுவுல பிறந்தநாள் வந்தா திரும்பி வர விமானத்துல தனி சீட்டு வாங்கணும். அந்தச் சிக்கல் கவுன்டர்ல நிக்கும்போதுதான் தெரியவரும். இலங்கைன்னா இ.டி.ஏ.ங்கிற ஆன்லைன் பயண அனுமதி, மலேசியான்னா இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள எம்.டி.ஏ.சி.ங்கிற ஆன்லைன் வருகைப் படிவம். ரெண்டுமே பிள்ளை பேருக்கும் தனியாப் போடணும்.

கிழக்குக் கரை அமைதிங்கிற வளவு தம்பிக்கு ஒண்ணு. அங்க அமைதி ஏன்? காத்து தரையிலிருந்து கடலுக்குப் போறதால. மட்டக்களப்புப் பக்கம் கச்சான்னு சொல்வாங்க, சூடான வறண்ட காத்து. அந்தக் காத்து காத்தடைச்ச வளையத்தைப் பிள்ளையோட சேர்த்து வெளிக்கடலுக்குத் தள்ளிடும். அலை இல்லாததால தள்ளுறதே தெரியாது. அதனால வளையம், காத்தடைச்ச கைப்பட்டை ரெண்டும் வேண்டாம். கவட்டைப் பட்டி வச்ச லைஃப் ஜாக்கெட் போட்டாலும் பெரியவங்க கைக்கெட்டுற தூரத்துலயே நிக்கணும். பாசிக்குடாவுல பவளத்துண்டு காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு போடுங்க.

வளவு:
கச்சான் விஷயத்துல ஆச்சி சொல்றது சரி. மதியத்துக்கு மேல அது ஏறும், அதனால கிழக்குல காலை ஆறேகால்ல இருந்து எட்டரை வரைதான் கடல். இலங்கை நேரமும் நம்ம நேரமும் ஒண்ணுங்கிறதால பிள்ளையைக் கொஞ்சம் முன்கூட்டி எழுப்பினா போதும். லங்காவியில பெட்டிச் சொறிமீன் (பாக்ஸ் ஜெல்லிமீன்) இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பட்டாலை:
இருக்கு, மறைக்கலை. வினிகர் பாட்டில் கையில வச்சுக்கணும். கொட்டின இடத்துல வினிகரை அரை நிமிஷம் விடாம ஊத்தணும். நல்ல தண்ணி ஊத்துறது, மண்ணு போட்டுத் தேய்க்கிறது ரெண்டும் விஷத்தைக் கூட்டும். உடனே ஆஸ்பத்திரி. அதுக்குமுன்ன முழுக்கை நீச்சலுடை, அது வெயிலுக்கும் ஆச்சு. போன கையோட பினாங்குத் தீவுல தண்ணீர்மலை முருகனையும் கும்பிட்டுட்டு வரலாம்.

கண்டனூர் ஆச்சி:
6 நாள்ல ரெண்டு தீவா? கும்பிடறதுக்குத் தனியாப் போங்க. பினாங்குல பத்து ஃபெரிங்கிங்கிற கடற்கரையில தண்ணி கலங்கல் வேற.

பையில வைக்க வேண்டியது: சாதா டயப்பர் கடல்ல ஊதிக் கழண்டு விழும், நீச்சல் டயப்பர் வேணும். அதுவும் மலத்தைத்தான் தாங்கும், சிறுநீரைத் தாங்காது, அதனால கார்ல போட்டு உட்கார வைக்காதீங்க. சன்ஸ்கிரீன் துத்தநாக ஆக்சைடு வகை, ரெண்டு மணிக்கு ஒருதரம். நிழல் ஆளைவிடக் குட்டையானா வெயிலைவிட்டு வந்துடணும், எந்த ஊர்க் கடிகாரமும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். 200 மில்லி பொட்டலமா வாங்குங்க. லிட்டர் பொட்டலத்தை டம்ளர்ல பிரிச்சுக் கலக்கினா உப்பு கூடிடும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். டிராப்ஸ்ல ஒரு மில்லிக்கு 100 மி.கி., சிரப்புல 5 மில்லிக்கு 120 இல்லேன்னா 250. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.ன்னா டிராப்ஸ் ஒன்றரை மில்லி, 250 சிரப் 3 மில்லி. டிராப்ஸை 250 சிரப் அளவுல ஊத்தினா ரெட்டிப்பாயிடும், 120 சிரப் அளவுல ஊத்தினா நாலு மடங்குக்கு மேல போயிடும். பாட்டில் மேலயே டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. ரெண்டு ஊர்லயும் டெங்கு உண்டு, இபுப்ரோஃபென் தொடாதீங்க.

ரஸ்தா:
பிறந்தநாள் பயணத்தோட அஞ்சாம் நாள் வருது! திரும்ப வர்றதுக்கு சீட் வாங்கணும் போல. பிள்ளைக்குக் கார்ல வாந்தி வர்ற பழக்கமும் இருக்கு.

பட்டாலை:
அப்ப லங்காவின்னு எழுதிக்குங்க.

வளவு:
வாந்தின்னா 6 மணி ரோடு வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா சீட்டு ஒண்ணு கூடினா லங்காவியில திரும்பி வர ரெண்டு விமானத்துக்கும் கூடும், அண்ணே.

கண்டனூர் ஆச்சி:
பயணத்தை ஒரு வாரம் முன்னால நகர்த்துங்க, ரஸ்தா.